இரண்டாம் கோப்பை

மூன்று முறை அலசி
நான்காம் முறைதான் பிடிக்க வேண்டும்.
புட்டியின் கழுத்தில் காற்று நிற்கக் கூடாது.
இரண்டு சொட்டு அமிலம். மூடி. சீட்டு:
கிணறு ஏழு, ஜூரகான் வீடு, காலை ஒன்பது இருபது.

தண்ணீர் அப்படியொரு தெளிவு.
வாடையில்லை. பல் கூசும் குளிர்ச்சி.
அதில்தான் தேநீர் போட்டுத் தந்தாள்.
வேண்டாமென்று சொல்ல
என்னிடம் அப்போது எண் எதுவும் இல்லை.
குடித்தேன்.

வெளியே, புல் முளைத்த மேடு,
அதன்மேல் அவளுடைய பதினோரு ஆடுகள்.
மேட்டுக்கு அடியில்
பழைய ஆலை கக்கிய சாம்பல் நிறச் சேறு.
எச்சரிக்கைப் பலகையை
யாரோ கோழிக்கூண்டுக்குக் கதவாக்கியிருந்தார்கள்.
மண்டையோட்டுப் படத்தின் வழியாகக்
கோழிகள் போய்வந்தன.

நதிமூலம் பார்க்கக் கூடாதென்று ஒரு சொல் உண்டு.
எனக்குச் சம்பளமே அதற்குத்தான்.

பிஷ்கெக் ஆய்வுக்கூடத்தில் ஆறு வாரம்.
லிட்டருக்கு எண்பத்து நான்கு மைக்ரோகிராம்.
முப்பதைத் தாண்டக் கூடாது.

"கொதிக்க வைத்தால் போய்விடுமா?"
தண்ணீர்தான் போகும், அக்கா. அது தங்கும்.

"எங்கிருந்து வருகிறது?"

ஆடுகளை எண்ணுவதுபோல்
சொல்லிப் பார்த்தேன்:
யுரேனியத்தில் கனத்தவன் ஒருவன், இளைத்தவன் ஒருவன்.
இருவரின் துடிப்பையும் எண்ணுவோம்.
நீர் தானாய்ப் பாறையில் ஊறி வந்தால்
இளைத்தவன் முந்திக்கொள்வான்.
ஆலையில் அமிலம் ஊற்றிக் கரைத்த மிச்சமென்றால்
இருவரும் சமமாய் வருவார்கள்.
மலைமேல் ஊற்றில் ஒன்றுக்கு இரண்டு.
மேட்டின் கசிவில் ஒன்றுக்கு ஒன்று.
உங்கள் கிணற்றில்
ஒன்றரை.

அவள் மலையைப் பார்த்தாள். பிறகு மேட்டை.
"பாதி அது, பாதி இவர்களா?"

ஏறக்குறைய.

மலைமீது வழக்குப் போட முடியாது.
இவர்கள்மீது போடலாமென்றால்
ஆலைக்கு இருந்த முகவரி ஒரு தபால் பெட்டி எண்.
அந்தத் தபால் போய்ச் சேரவேண்டிய நாடு
நான் பள்ளியில் சேருமுன்பே கலைந்துவிட்டது.
அது கொடுத்த பதக்கம் மட்டும்
அவள் கணவன் தொக்தோபேக்கின் படத்துக்குக் கீழே
ஆணியில் தொங்குகிறது.
பதினாறு வருட வேலைக்கு.
தினமும் துடைப்பாள் போலிருக்கிறது.

"அந்தப் பாதிக்காவது
யாருக்காவது ஒரு கடிதம் எழுதித் தா."

எழுதினேன். எண்களைப் போட்டேன். கையெழுத்திட்டேன்.
'பெறுநர்' என்ற சொல்லுக்குக் கீழே
பேனா வெகுநேரம் நின்றது.
அவள் அவசரப்படுத்தவில்லை.
அடுப்பில் கெண்டி முனகியது.

நகரத்திலிருந்து லாரியில் வரும் தண்ணீர்,
வாளி காசுக்கு.
விருந்தாளிக்கு மட்டும் அதில் தேநீர்.
"மன்னித்துக்கொள், இதில் ருசியில்லை" என்றாள்.

உண்மைதான்.
முதல் கோப்பைதான் நன்றாயிருந்தது.