எருதுநடை

ஒன்பது தேர்தல்களில் அவர் பெயரை
நான்தான் ஒலிபெருக்கியில் சொன்னேன்.
"குமகாய் தொகுஜி, குமகாய் தொகுஜி,
வணக்கம் சொல்ல வந்திருக்கிறார்."
வேன் ஜன்னல், வெள்ளைக் கையுறை, வாயில் கற்கண்டு.
அவர் மனைவிகூட அத்தனை முறை
அந்தப் பெயரைச் சொல்லியிருக்க மாட்டாள்.

ஹொக்காய்தோவின் கரி படிந்த பனியில்
சுரங்கக் குடியிருப்பின் நாற்பது வரிசையும்
வாசலுக்கு வந்து கையசைத்த காலம்.
அவரும் அடியிலிருந்து ஏறி வந்தவர்.
இடது காதின் பின்னால் நீலக் கோடாய்
தோலுக்குள் தங்கிவிட்ட கரித்தூள்.
நாடாளுமன்றப் புகைப்படக்காரர்
அது தெரியாமல் எடுத்தார்.
திரும்பி உட்கார்ந்து
இன்னொன்று எடு என்றார்.

முப்பத்தொரு வருடம்
எதிர்க்கட்சி நாற்காலி.
எண்ணிக்கை போதாதவர்களுக்குக் கால்கள் இருந்தன.
வாக்குப்பெட்டிக்கு இருபது தப்படி.
அதை விடிய விடிய நடந்தார்கள்,
எருதைப்போல,
ஒரு பாதம்,
பிறகு ஒரு யோசனை,
பிறகு மறு பாதம்.
ஆளும் வரிசையில் முதலில் கூச்சல், அப்புறம் குறட்டை.
காலையில் மசோதா நிறைவேறியது.
நிறைவேறும் என்று தெரியாதா, கேட்டேன்.
"ஒரு ராத்திரி தள்ளிப்போச்சே" என்றார்,
காலுறையைக் கழற்றிக் கொப்புளத்தைப் பார்த்தபடி.

சுரங்கம் மூடியது.
கட்சி தன் பெயரை மாற்றிக்கொண்டது,
பழைய எதிரிகளோடு ஒரே மேசையில் உட்கார்ந்தது,
அவருக்கும் ஒரு துணையமைச்சர் பதவியை நீட்டியது.
மறுத்துவிட்டார் என்று
செய்தித்தாள்கள் புகழ்ந்தன.
எனக்குத் தெரியும்:
இரண்டு நாள் யோசித்தார்.
புதுக் கோட்டுக்கு அளவுகூடக் கொடுத்துவிட்டு வந்தார்.
தையற்காரர் ஒனோதெரா
அந்தத் துணியை இன்னும் வைத்திருக்கிறார்.

கடைசித் தேர்தலில்
ஜன்னல் பலகையடித்த வரிசைகளிலும்
பெயரைச் சொல்லச் சொன்னார்.
ஒரு நரி நின்று கேட்டது.
அதற்கும் குனிந்து வணங்கினார்.
அறுநூற்றுப் பன்னிரண்டு வாக்கில் தோற்றார்.
நரியைச் சேர்க்காமல், என்பார்.

போன ஞாயிறு நகரசபைத் தேர்தல்.
பள்ளி உடற்பயிற்சிக் கூடம்,
எண்பத்தெட்டு வயது, ஒரு கைத்தடி.
சக்கர நாற்காலி கொண்டுவந்த பையனை
விரலால் விலக்கினார்.
மரத்தரையில் ஒரு பாதம்.
பிறகு மறு பாதம்.
பின்னால் வரிசை நீண்டது, யாரும் முணுமுணுக்கவில்லை.
நான்தான் பழக்கதோஷத்தில் கடிகாரத்தைப் பார்த்தேன்.
"இந்தத் தடவை நடிப்பில்லை, முழங்கால்"
என்றார் என் காதோரம்.

சொன்ன மனிதர்
பெட்டிக்கு ஓரடி முன்னால்,
சீட்டை மடித்துப் பிடித்தபடி,
வேண்டுமென்றே நின்றார்.