பூச்சியம் தசம் மூன்று

கலங்கல்: பூச்சியம் தசம் மூன்று.
எழுதிவிட்டேன். பொய்யில்லை.
குவளையை ரியூப்லைற்றுக்கு நேரே பிடித்தால்
அந்தப் பக்கம் ஆணியில் தொங்கும்
இம்தாதின் சைக்கிள் திறப்பு
பல்லுப் பல்லாய்த் தெரியும்.

ஆனால் அடியில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து
மேலிருந்து பார்த்தால்,
பிளேன்டீக் கோப்பையை ஏழு தரம் அலசி
எட்டாந்தரம் ஊற்றிய தண்ணீரின்
நிறம்.

கந்தளாயிலிருந்து வரும் வாய்க்கால்
மார்கழி முழுக்க
மருத இலையையும் ஆற்றுவாழையையும்
வயல் வைக்கோலையும்
ஊறவைத்துக்கொண்டு வருகிறது.
மண் தானாய்ப் படியும்.
படிகாரம் போட்டால் மிச்சமும் படியும்.
பிறகும் ஒன்று கிடக்கும்,
இலை இலையாய் இருப்பதை விட்ட பிறகும்
தண்ணீரை விடாமல்.

அது வந்து சேர்கிற இடம்
தம்பலகாமத்தில் எங்கள் தகரக் கொட்டகை.
நாற்பத்தெட்டு வெள்ளைக் குழல்கள்,
ஒவ்வொன்றுக்குள்ளும் இடியப்ப நூலாய்ச் சவ்வுகள்.
அவற்றின் துளையைத் துளை என்பதே
ஒரு மரியாதைக்குத்தான்.
கிருமி தலையை நுழைத்துப் பார்த்துத் திரும்பிவிடும்.
கரைந்த இலை திரும்பாது.
வாசலிலேயே குந்திவிடும்.
அதன்மேல் அடுத்தது. அதன்மேல் பாசியின் பிசின்.
அரை மணிக்கொருமுறை பின்னோட்டம் விட்டுக் கழுவுகிறோம்,
எழும்பிப் போகிறவை போகும்.

தையில் வாய்க்கால் உடைந்தது.
"குழாய்க்கிணத்தையும் சேர்த்து விடுங்கோ"
என்றார் பொறியியலாளர் தவரூபன்.
நல்ல தண்ணீர். கண்ணீர் மாதிரித் தெளிவு.
கேத்திலின் அடியில் வெள்ளை படியும்,
வேறு குறை சொல்ல முடியாது.

அன்றிரவு அமுக்கமானியின் முள்
புள்ளி நாலில் நின்றது.
விடிய, புள்ளி ஏழு.
மூன்றாம் நாள் ஒன்று தாண்டி,
பம்பி இருமத் தொடங்கியது.

கிணற்றின் கல்சியம்
குளத்தின் இலைச்சாற்றைக் கைபிடித்திருக்கிறது.
ஒன்றையொன்று விலக்கி நின்ற துணுக்குகள்
நடுவே ஒரு தரகர் வந்ததும்
சம்பந்தி ஆகிவிட்டன.
சவ்வின்மேல் பந்தல் போட்டுவிட்டன.

உவர்மலையிலிருந்து சரோஜினி ரீச்சர்
இரவு பத்தரைக்கு எடுத்தா:
"பிள்ளை, இண்டைக்கும் காத்துத்தான் வருது."
காற்றுக்கும் மீற்றர் ஓடுமா என்று கேட்டா.
ஓடும். சொல்லவில்லை.

கிணற்றுத் தண்ணீரை மூடினோம்.
ஒரு குழலைக் கழற்றி
பிளேட்டால் நாரைக் கீறினான் இம்தாத்.
பழுப்பாய், கூழாய், விரலில் வழுக்கியது.
மணந்து பார்த்தான்.
"வாப்பா வள்ளம் இறக்கிற துறை" என்றான்,
கிண்ணியாவில் இல்லாத எதையோ பார்க்கிறவன்போல.
எனக்கு ஈரச் சாக்கு மணந்தது.

முதலில் சித்திரிக்கமிலம், தரகரைக் கலைக்க.
பிறகு கோஸ்டிக் சோடா, நாலு மணித்தியாலம்.
வடிகாலில் ஓடியது
நல்ல கடும் சாயத் தேநீர்.
ஒரு குளத்து மாரிகாலம் முழுக்க
கொட்டகைக்குப் பின்னால்,
கோழி ஒன்று குடிக்கவா விடவா என்று நிற்க.

முள் இறங்கியது.
ஒன்று. புள்ளி எட்டு. புள்ளி ஆறு.
அங்கே நின்றுவிட்டது.
கண்ணாடியைத் தட்டிப் பார்த்தேன்.
புள்ளி ஆறு.

பதிவேட்டில் இதற்கு நிரல் இல்லை.
ஓரத்தில் பென்சிலால்
"போகாதது: 0.2" என்று எழுதி
ஒப்பம் வைத்தேன். வ. சுதாமதி, இரவு முறை.

பிறகு உவர்மலைக்கு எடுத்து,
"ரீச்சர், ஒரு வாளியைக் கீழே வையுங்கோ" என்றேன்.
லைனில் முதலில் காற்று.
பிறகும் காற்று.
பிறகு தகரத்தில் விழுகிற
அந்தச் சத்தம்.