முந்நூறு பீஸ் ரிஜெக்ட்

பிப்ரவரியில் அங்கே விற்கவேண்டிய பனியன்;
ஐப்பசி மழையில் எங்களுக்கு ஃபிலிம் வந்தது.
விமானக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிய
ஒரு கறுப்புப் பெண்.
கீழே பெயர், ஒரு வருடம். வேறொன்றுமில்லை.

கறுப்பு டப்பாவைத் திறந்தான் சடையப்பன்.
ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தால்
முகமே இல்லை, ஓட்டை.
காவி கொஞ்சம், நீலம் ஒரு சொட்டு, கத்தரிப்பூ...
ராத்திரி பதினொன்றுக்குத்தான்
அவள் கன்னத்தில் வெயில் விழுந்தது.

முந்நூறு பீஸில்
பெயரின் முதலெழுத்து அடைத்துக்கொண்டது.
ரிஜெக்ட்.

காதர்பேட்டையில் கிலோக்கணக்கில் எடுக்க வந்த ஒபின்னாவிடம்
"இது ஆருங்க?" என்றேன்.
"அவ அமெரிக்கா. நான் ஒனிச்சா.
கொழும்புல இருக்கறவங்களையெல்லாம் உனக்குத் தெரியுமா?"
சிரித்தான். கிலோவுக்கு இருபது குறைக்கச் சொன்னான்.
எடை போடும்போது மேலிருந்த ஒன்றை உருவி
தோளில் போட்டுக்கொண்டான்.
"இத நிறுக்காதே."

ஸ்கிரீனை மூன்று தரம் கழுவியாயிற்று.
இப்போது அதில் குழந்தைச் சட்டைக்கு யானைக்குட்டி.
நொய்யல் நுரையோடு போகும் ஜன்னல் பக்கம்
தூக்கிப் பிடித்தால்,
யானையின் காதுக்குப் பின்னால்
கண்ணாடியை இன்னும் இறக்கவில்லை
அவள்.