தேதி போடுகிறவன்

என் வேலை விரிசல்களுக்குத் தேதி போடுவது.
நியூ மெக்சிகோவில், ரியோ கிராண்டே ஆற்றுக்கு
அறுநூறு அடி மேலே
கம்பிக்கூடையில் தொங்கியபடி
பாலத்து உத்திரத்தின் வயிற்றைத் தடவிப் பார்ப்பேன்.
மயிரிழை தட்டுப்பட்டால்
அதன் நுனியில் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு,
பக்கத்தில் நாள், மாதம், வருடம்.
அடுத்த முறை போகும்போது பெரும்பாலும் தாண்டியிருக்கும்.
நின்றுபோனவை உண்டு.
பின்வாங்கியதாக ஒன்றுகூட
இருபத்திரண்டு வருடத்தில் இல்லை.

அளவு மீறினால் நுனியில் துளை போடுவோம்.
ஓடிவந்த விரிசல் அந்த வட்டத்துக்குள் விழுந்து
எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நிற்கும்.
ஓர் ஓட்டையை நம்பித்தான்
பள்ளிக்கூடப் பேருந்து போகிறது.

அக்கா டெல்ஃபினா ஆல்புகர்க்கியில்
ஜன்னல் இல்லாத அறையில் இரவு முறை பார்க்கிறாள்.
அவளுடைய பிளாட்டினத் தகடு
கண்ணுக்கே தெரியாத மெலிசு.
காற்றை உறிஞ்சியெடுத்த குழலுக்குள் வைத்து
நொடிக்கு இருநூறு முறை இழுக்கிறார்கள்.
எறும்பு ஊரத் தேயும் கல்தான்,
எறும்புக்கு அங்கே கொஞ்சம் அவசரம்.

மார்ச்சில் ஒரு நாள், விடிகாலை நான்கு மணிக்கு ஃபோன்.
“படங்களை வரிசை மாற்றி அடுக்கிவிட்டேன் போல.
விரிசல் சின்னதாகிக்கொண்டே வருகிறது.”
நேரத்தைச் சரிபார், என்றேன்.
“மூன்று தடவை பார்த்துவிட்டேன், எலோய்.”

ஞாயிற்றுக்கிழமை,
அடுப்பில் பச்சை மிளகாய்க் குழம்பு கொதிக்க,
கிழித்த டோர்ட்டியாவின் இரண்டு பாதிகளை
நெருக்கிப் பிடித்து விளக்கினாள்.
பிளந்த முகங்கள் தொட்டுக்கொள்கின்றன.
நடுவில் தூசி இல்லை, காற்று இல்லை.
எந்த அணு எந்தப் பக்கத்தது என்று
உலோகத்துக்கு ஞாபகம் இல்லை.
ஒட்டிக்கொள்கிறது.
நெருப்பு வேண்டாம், பற்றவைப்பவன் வேண்டாம்.
“தழும்பு?”
“தேடினேன். கிடைக்கவில்லை.”
கையை எடுத்தாள். டோர்ட்டியா இரண்டாகவே கிடந்தது.

விமான இறக்கை, அணு உலைக் குழாய்,
காற்றாலையின் தண்டு, என் பதினேழாம் இணைப்பு,
எல்லாம் ஆள் இல்லாத ராத்திரியில்
தாமாக மூடிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
குழம்பு ஆறும்வரை.
“என் பாலத்துக்கு எப்போது வரும்?”
“காற்று படக்கூடாது. பட்டால் முகத்தில் தோல் கட்டும்.
தோல் கட்டினால் ஒன்றையொன்று அடையாளம் தெரியாது.
ஒருவேளை முதலில் விண்கலத்துக்கு.
எஃகில் நாங்கள் இன்னும் பார்க்கவில்லை.”
“அவ்வளவுதானே? பள்ளத்தாக்கில் காற்றை
நிறுத்தச் சொல்லிவிடுகிறேன்.”
அவள் சிரிக்கவில்லை. உப்பை என் பக்கம் தள்ளினாள்.

செவ்வாய்.
கூடையைக் காற்று உத்திரத்தில் இரண்டு முறை மோதியது.
கீழே பாறையில் காட்டாடுகள், கடுகு சிந்தினாற்போல்.
பதினேழாம் இணைப்பு, வடக்குப் பக்கம்.
கையுறையைக் கழற்றினேன்.
போன அக்டோபரில் போட்ட கோடு அப்படியே இருந்தது.
வேலைக்கு வந்த நாளிலிருந்து முதல் தடவையாகக்
கோட்டுக்கு இந்தப் பக்கத்தில் தேடினேன்,
அங்கே அது முடிந்திருக்குமா என்று.

அந்தப் பக்கம், ஒரு கட்டைவிரல் நகம் தூரம்
தாண்டியிருந்தது.

தேதி போட்டேன்.
துளைக்கருவியை இறக்கச் சொல்லி
மேலே குரல் கொடுத்தேன்.