கழித்த படம்

மே தினப் பூங்கா, செவ்வாய்க்கிழமை, பதினொன்றே கால்.
சிமென்ட் பெஞ்சில் ஒருவர்
டிபன் பாக்ஸை மடியில் திறந்து வைத்துக்கொண்டு
சாப்பிடாமல் இருந்தார்.
வேப்பமரம் சலித்த வெயில்
சட்டையெல்லாம் சில்லறையாய்ச் சிதறிக் கிடந்தது.
அந்த வெளிச்சத்துக்காகத்தான் எடுத்தேன்.
அவருக்காக இல்லை.

கிரீம்ஸ் ரோட்டில் இரண்டு வாரம் தொங்கியது.
தலைப்பு: இடைவேளை.
பேர் கேட்காதவனுக்குத்
தலைப்பு வைக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.
என்ன ஒரு நிம்மதி அந்த முகத்தில்
என்றார் வாங்கிப்போனவர்.

நேற்று வியாசர்பாடியிலிருந்து போன்.
"அது என் வீட்டுக்காரரு. பொன்னுரங்கம்."
சண்டைக்குத்தான் என்று நினைத்து
பொது இடம், சட்டம் என்று ஆரம்பித்தேன்.
முடிக்கும்வரை விட்டுவிட்டுக் கேட்டார்:
"என்னைக்கு எடுத்தது?"
சொன்னேன்.
"மணி?"
அதையும் சொன்னேன்.
அந்தப் பக்கம் குக்கர் இரண்டு விசில் அடித்தது.
"மொதல் ஷிப்டுன்னுதான
டிபன் கட்டி வாங்கினு போனாரு."

நெட்டிலிருந்து எடுத்துவிடவா என்றேன்.
"எதுக்கு? ஊரே பாத்தாச்சு.
நாந்தான் கடைசி."
பிறகு, குரலை இறக்கி,
"அன்னைக்கு எடுத்தது வேற எதுனா இருக்கா?"

இல்லை என்றேன்.

பன்னிரண்டு இருக்கின்றன.
பன்னிரண்டாவதில் என்னைப் பார்த்துவிட்டார்.
ஒரு கை டிபன் பாக்ஸை மூடுகிறது.
மறு கை லென்ஸுக்கு நேரே விரிந்திருக்கிறது,
ரேகை எண்ணலாம், அவ்வளவு துல்லியம்.

இயல்பு போச்சு என்று
அன்றைக்கே கழித்த படம்.