முக்கால் நொடி

ஒரு சொல்லின் மேல் முக்கால் நொடி
கண் நின்றால்
அதைச் சொல்லிவிட்டேன் என்று பொருள்.
கருவி தந்தவர்கள் வைத்த கணக்கு.
ஒன்றரை நொடி கேட்டிருக்கலாம்.
கேட்பதற்கு அப்போது என்னிடம் கருவி இல்லை.

கண்ணால் பேசுவதைப்
பாட்டில் வைத்தவர்கள் எவரும்
கழுத்துப்பட்டை கட்டி, சக்கர நாற்காலியில்,
சுக்தீதி நகரத்து நோட்டரி அறையில்
ஹேசல்கொட்டைத் தோப்புக்காக
உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

பேசும்போது யார் முகத்தையும் பார்க்க முடியாது எனக்கு.
முகம் பார்த்தால் பேச்சு நின்றுவிடும்.

அண்ணன் குராம் தொண்டையைச் செருமினான்.
"அவளுக்குச் சம்மதம்தான்."
லமாரா அம்மையார் முத்திரையை
மைப்பஞ்சில் ஒற்றிக்கொண்டே
என்னிடம் அல்ல, அவனிடம் கேட்டார்:
"இவருக்குக் காபியில் சர்க்கரை போடலாமா?"

ஜன்னலில் மார்ச் மாத வெயில்.
வெயில் விழுந்தால் கேமராவுக்கு என் விழி தெரியாது.
திரையில் புள்ளி ஈயாய் அலைந்தது.
சீலையை இழுங்கள் என்று எழுதவும்
அந்த வெயில் விடவில்லை.
தட்டச்சு செய்யும் மாக்வாலா
யாரும் சொல்லாமல் எழுந்து இழுத்துவிட்டாள்.
அவளுக்கும் கண் கூசியிருக்கலாம்.

நன்றி சொல்ல ஒரு பொத்தான் உண்டு.
நன்றி, தண்ணீர், வலிக்கிறது, கழிவறை.
எனக்கு இவ்வளவுதான் தேவைப்படும் என்று
யாரோ நல்ல மனதோடு நினைத்திருக்கிறார்கள்.
மற்றதற்கெல்லாம்
எழுத்தெழுத்தாகப் போகவேண்டும்.

வி.
உடனே உதவிக்கு ஓடிவந்தது கருவி:
விருந்து. விடுமுறை. விருப்பம்.

விருப்பம்
பெரிதாக, பச்சைக் கட்டத்தில், நட்டநடுவில்.
எல்லோரும் திரையைப் பார்த்தார்கள்.
குராமின் மூச்சு என் காதில்.
முத்திரை அந்தரத்தில்.
அதைப் பார்க்காதே.
பார்க்காதே என்றால்
வேறெங்கே போகும் கண்?

கூரையைப் பார்த்தேன்.
அங்கே ஒரு நீர்க்கறை, ஒற்றைக்கொம்பு ஆடு மாதிரி.
ஆட்டிடமிருந்து மெல்ல இறங்கி
திரையின் ஓரமாகவே நடந்து
ற்.
பிறகு க.

அதற்குள் காபி ஆறிவிட்டது.
என் வாக்கியத்தைக் குராம்
இரண்டு முறை முடித்துப் பார்த்தான்.
இரண்டும் அவன் வாக்கியங்கள்.

"விற்க மாட்டேன்."

கருவியின் குரலுக்கு
ரயில் தாமதத்தை அறிவிக்கிற பணிவு.
கோபம் ஏற்ற அதில் வழியில்லை.
"மெஷின் பிசகு" என்றான்.
சொன்னதையே சொல்ல ஒரு பார்வை போதும்.
விற்க மாட்டேன்.
விற்க மாட்டேன்.
மூன்றாவதற்கு மாக்வாலா சிரித்துவிட்டாள்.

முத்திரை பெட்டிக்குள் போனது.
அப்போதுதான் அண்ணனைப் பார்த்தேன்.
முக்கால் நொடி. ஒன்றரை நொடி.
அவன் காதுமடல் சிவக்கும்வரை.
அவன் கடன் எனக்குத் தெரியும்,
தவணையில் வாங்கிய லாரி, ஓடாத லாரி.
அதற்கும் ஒரு வாக்கியம் வைத்திருக்கிறேன்.
நீளமானது.
வீட்டுக்குப் போய், பேட்டரி ஏற்றியபின்.

திரைச்சீலையை இனித் திறந்துவிடலாம்
என்று எழுதத் தொடங்கினேன்.
தி.
கருவி நீட்டியது: திருமணம்.

எல்லோரும் காத்திருந்தார்கள்.