எட்டு

நாலாவது ஞாயிறும் அது வந்தது.
மவுசாக்கலையில் தண்ணீர் இறங்கி
பழைய கோயிலின் தூண் தலை காட்டும் இடத்தில்
சேற்று நிறமாய் ஒரு நீளம்
என் பொய்மீனுக்குப் பின்னால்
ஒரு சாண் விட்டு.

அவசரமே இல்லை அந்த விராலுக்கு.
சுற்றினால் வரும்,
மெதுவாய்ச் சுற்றினால் மெதுவாய் வரும்.
கரைக்கு ஒரு முழம் இருக்கையில்
என் சப்பாத்தைப் பார்த்ததுபோல் நின்று
வாலை ஒருதரம் மடக்கி
இறங்கிப் போய்விடும்.
சீட்டை நீட்டி விலை கேட்டுவிட்டு
மருந்து வாங்காமல் போகிறவர்கள் இப்படித்தான் போவார்கள்,
ஹட்டனில், என் கவுண்டரிலிருந்து.
அவர்களிடம் கோபப்பட முடியாது.
விராலிடம் முடிந்தது.

ஹார்ட்வெயார் நிஸ்தார் சொன்னார்:
"அதுக்குப் பசியில்ல தங்கச்சி, நிறத்த மாத்துங்க."
வெள்ளி, செம்மஞ்சள், றப்பர் தவளை,
மூன்றும் விற்றார்.
மூன்றின் பின்னாலும் வந்தது,
மூன்றையும் வாசித்துவிட்டுப் போனது.
நாலாவது என் சொந்தத் தயாரிப்பு:
காம்பு வெட்டி, அரம் போட்டு,
மூன்று முள் தொங்கவிட்ட தேக்கரண்டி.
தம்பி புவிராஜ் "நிப்பாட்டிப் பாரு" என்றான்.
நிறுத்தினேன். அதுவும் நிறுத்தியது.
கரண்டி கரண்டியைப் போலவே
அடிக்குப் போய்ச் சேர்ந்தது.

எதனாலோ அப்போது
மாசி மாதத்துக் கடைசி பஸ் ஞாபகம் வந்தது.
சந்தியில் நான் மட்டும் இறங்கினேன்.
வீட்டுக்குப் பதினைந்து நிமிஷம்,
பனிமூட்டம், லைட் இல்லாத மூன்று போஸ்ட்.
பின்னால் செருப்புச் சத்தம்.
நடந்தால் நடந்தது.
குடையைக் கை மாற்ற நின்றேன்;
நின்றது.
அதற்குப் பிறகு
கால்கள் என்னைக் கேட்டுக்கொண்டு எதையும் செய்யவில்லை.
ரெண்டு எட்டு விரைவாய்.
ஒரு தடுமாற்றம்.
வலப்பக்கம் தேயிலைக்குள் ஒரு வெட்டு,
திரும்ப ரோட்டுக்கு,
இன்னும் நாலு எட்டு, ஓட்டமுமில்லை நடையுமில்லை.
யாரும் பழக்கியதில்லை இதை.

நாலு ஞாயிறும் நான்
ஒரே சீராகச் சுற்றியிருக்கிறேன்.
பின்னால் ஒரு வாய் வருகிறது,
முன்னால் போவது
சம்பள நாளில் கடைவீதி பார்ப்பதுபோல் போகிறது.
அப்படியொரு சின்ன மீன்
எந்தத் தண்ணீரிலும் இல்லை.
விராலுக்கு அது தெரிந்திருந்தது.

மறுபடி வீசினேன்.
தூணைத் தாண்டியதும் வந்தது, அதே ஒரு சாண்.
ரெண்டு சுற்று விரைவாய்.
ஒரு தடுமாற்றம்.
கரைக்கு ஒரு முழம்,
வழக்கமாய் அது திரும்பிப் போகும் இடம்.
இம்முறை கரண்டியை நான் தூக்கவில்லை.
கோல் நுனியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி
வலப்பக்கம் ஒரு வெட்டு,
வளைத்து இடப்பக்கம்,
லைசன் எடுக்கப்போன அன்று
மோட்டார் சைக்கிளில் போட்ட அதே எட்டு.
முதல் வளைவில் சந்தேகமாய் வந்தது.
இரண்டாவதில்
அதற்குச் சந்தேகிக்க நேரமில்லை.

அடி முழங்கை வரைக்கும் கேட்டது.
தண்ணீர் கிழிந்து
என் முகமெல்லாம் சேறு.
"விடாத, விடாத" என்று புவிராஜ் கத்தினான்,
நான் விடுகிற எண்ணத்திலேயே இல்லை.

ஒன்றரைக் கிலோ.
தாடையில் ஒரு முள், மற்ற இரண்டும் காற்றில்.
நிஸ்தார் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து
போனில் படம் எடுத்தார்.
"எப்படி?" என்றார்.
"நிறத்த மாத்தினேன்" என்றேன்.
அவருக்குச் சந்தோஷம்.

கரண்டியைக் கழற்றும்போதுதான்
கை நடுங்குவது தெரிந்தது.
நன்றாகத்தான் ஓடியிருக்கிறது அது,
நான் ஓடியதைப் போலவே.
ஒன்று மட்டும் அதற்குச் சொல்லித்தர முடியவில்லை.

அன்றிரவு, மூன்றாவது போஸ்டுக்குக் கிட்ட,
நான் திரும்பினேன்.
குடைக் கம்பியின் முனை அவன் நெஞ்சு உயரத்தில்.
கொஞ்ச நேரம் பனி மட்டும் அசைந்தது.
"டைம் என்ன?" என்றான்.
சொன்னேன்.
எட்டு இருபது.